நீ பார்க்காத படத்தில் ஒரு மாடிப்படி

படம் முடிந்துவிட்டது. மாடிப்படி வரவில்லை.

கேபிள்காரன் இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படத்தைப் போட்டான். பெயரை எழுத மாட்டேன், உனக்குத் தெரியும், அது போதும். மின்விசிறிக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துப் போடுவதிலிருந்து வணக்கம் போடும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சீன் அதில் கிடையாது என்பது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். இருந்தாலும் இன்றைக்காவது வந்து தொலைக்காதா என்று ஒரு பாழாய்ப்போன ஆசை. வரவில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும். உன் மகள்தான். கரையான்சாவடியிலும் இதே கேபிள்தான், அவளும் இதைத்தான் பார்த்திருப்பாள், நான் சொல்லித்தான். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கூப்பிடுவாள். "மாமா, நீங்க சொன்ன மாடிப்படி சீன் எங்க?" என்று கேட்பாள். நான் என்னடா சொல்வது? அவளிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டிப் போட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். போன் அடிப்பதற்குள் உன்னிடம் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கடைசிவரை என்னை முழுசாகச் சண்டை போட விட்டாயா நீ?

ஆவடி தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே ஷாப், ஒரே பட்டறையில் வேலை. நான் கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவேன். நீ குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தாய். சனிக்கிழமை சங்கு ஊதினால் எல்லோரும் கேட்டைப் பார்த்து ஓட வேண்டும், அதுதானே முறை? நம் ஷாப் ஆட்கள் மட்டும் கை கழுவும் குழாயடியில் உன்னைச் சுற்றி நிற்பார்கள். "அண்ணாத்தே, நாளைக்கு எதுக்குப் போலாம்?" நீ சோப்பைத் தேய்த்துக்கொண்டே ஒவ்வொருவன் முகத்தையும் பார்ப்பாய். நல்ல படம், மட்டமான படம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. யாரோடு போக வேண்டும் என்றுதான் சொல்வாய்.

"நீ இதுக்குப் பொண்டாட்டிய இட்டுகினு போ. திரும்பி வரும்போது பஸ்ஸு ஏறாம பேசிக்கினே நடந்து வருவீங்க."

"நீ இதுக்குத் தனியா போ. எவனையும் சேத்துக்காதே. பக்கத்துல இருக்கறவன் சிரிச்சிட்டான்னா கெட்டுப்பூடும்."

படம் மட்டுமா? வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கும் அப்படித்தான். "இந்த வாரத்த இப்ப படிக்காதே, அடுத்த வாரம் வரட்டும், ரெண்டையும் சேத்து ஒரே மூச்சுல படி" என்பாய். கேசட் கடையில் பாட்டுப் பதியக் கொடுக்கப் போகிறவன்கூட உன்னைக் கேட்டுவிட்டுத்தான் போவான். "அத்த மொதல்ல போடாதே. நாலாவதா வந்தாத்தான் தூக்கும்" என்பாய். அதே மாதிரி தூக்கும். இப்போது பேப்பரில் விமர்சனம் என்று மார்க் போடுகிறார்கள். எனக்கு எதற்கு மார்க்? நான் யாரோடு போக வேண்டும் என்று எவனாவது எழுதுகிறானா?

ஒருமுறை என்னிடம், "மச்சான், இதுக்கு உங்கப்பாவ இட்டுகினு போ" என்றாய். நானும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. சாப்பாடு வைத்தாயிற்று என்பதைக்கூட என் மனைவி வழியாகத்தான் சொல்லிக்கொள்வோம். "வேற வேலை இல்லையாடா உனக்கு?" என்று கத்தினேன். நீ விடவில்லை. கூட்டிக்கொண்டு போனேன். இடைவேளையில் அப்பா வெளியே போய் முறுக்குப் பொட்டலம் வாங்கி வந்து, திரையைப் பார்த்தபடியே என் பக்கம் நீட்டினார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பையன் பண்ணது சரியாடா?" என்று கேட்டார். அன்றிலிருந்துதான் பேச்சு வந்தது. அந்தப் படத்தையும் நீ பார்த்திருக்கவில்லை என்று எனக்கு எப்போது தெரிந்தது, சொல்லு பார்ப்போம்!

ஆரம்பத்தில் நாம் சேர்ந்துதான் போனோம். பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி, எங்கே புதுப் படம் மாற்றினாலும் நம் சைக்கிள் இரண்டும் அங்கே நிற்கும். உன் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தீர்களே, அதற்குப் பிறகு நீ வருவதை நிறுத்திவிட்டாய். கூப்பிட்டால், "நான் பாத்துட்டேன் மச்சான், நீ போ" என்பாய். எப்போது பார்த்தாய், எங்கே பார்த்தாய் என்று கேட்டால் வேறு பேச்சு. என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறான், புதுக் கூட்டாளி பிடித்துவிட்டான் என்று நான் வெந்துபோனேன். என் மனைவிகூட, "அவரும் நீங்களும் என்ன புருஷன் பொண்டாட்டியா, இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அப்புறம் இந்த மாடிப்படி வந்தது.

கேண்டீனில் தட்டை வைத்துக்கொண்டு நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "அண்ணங்காரன் மேல நிக்கிறான். தங்கச்சி சொல்லாம கொள்ளாம பொட்டியத் தூக்கிக்கினு படி எறங்குது. இவன் கையில காப்பி டம்ளரு. குடுக்கணும். ஒரு படி எறங்குறான், நிக்கிறான். இன்னொரு படி, நிக்கிறான். வாயே தெறக்க மாட்டேங்குது. டம்ளரு கை நழுவி ஒவ்வொரு படியா உருண்டு, தங்கச்சி காலாண்ட போயி நிக்கிது. அது குனிஞ்சி எடுக்கல மச்சான். அத்தையே பாத்துக்கினு நிக்கிது. அப்பறந்தான் பாட்டு." சாம்பார் ஊற்ற வந்தவன் வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். என் தங்கை அந்த வருஷம்தான் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மனைவியைக் கூட்டிக்கொண்டு அம்பத்தூர் தியேட்டருக்குப் போனேன். படம் மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தது. நீ சொன்னால் குதிரை மாதிரி ஓடும் கதையெல்லாம் கொட்டகையில் ஏன் இப்படி இழுக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. "இரு, இப்ப வரும் பாரு" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். தங்கச்சி போனாள். பாட்டும் வந்தது. படிக்கட்டு எங்கே? அண்ணன் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான். "எங்கங்க டம்ளர் உருளுது?" என்று மனைவி கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் உன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. "ரீல வெட்டியிருப்பான் மச்சான். சீக்கிரம் முடிச்சிட்டு அடுத்த ஆட்டம் வுடணும்ல? சின்னக் கொட்டாயில அப்பிடித்தான் பண்ணுவானுங்க" என்றாய். பாவி, நான் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? அடுத்த ஞாயிறு நேராக அந்தத் தியேட்டருக்குப் போய், ஆப்பரேட்டர் அறை வாசலில் நின்று சண்டைக்குப் போனேன். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவன் முட்டாளா, மாடிப்படி சீனை எதற்கு வெட்டினாய் என்று கேட்டேன். அந்த மனிதர் பீடியை அணைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் மாடி? அந்தப் படத்துல வர்றதே ஓட்டு ஊடு. மாடியே இல்லாத ஊட்டுக்குப் படிக்கட்டுக்கு நான் எங்க சார் போவேன்?"

"டம்ளர் உருளுதே, அது?"

"அது அடுப்பாண்ட பூனை தள்ளி வுடுது சார். போய் ஒயுங்கா படத்தப் பாரு சார்."

டிக்கெட் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சைக்கிளை எடுத்து ஆவடிக்கு மிதித்தேன். வீட்டில் நீ இல்லை. "கிரிக்கெட் கேக்கறேன்னு தண்ணி டாங்க் பக்கம் போனாரு" என்றாள் உன் மனைவி. டாங்குக்குப் பின்னால், வாதாம் மரத்தடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். டிரான்சிஸ்டர் காதோடு ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. கிரிக்கெட் இல்லை. ஞாயிறு மதியம் ரேடியோவில் போடுவார்களே, ஒலிச்சித்திரம், முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி வசனமும் பாட்டும் சத்தமுமாக, அது ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். நீ கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டி, "இரு மச்சான், முடியட்டும்" என்றாய். அந்த நேரத்திலும் உனக்குப் படம் முடிய வேண்டும்!

முடிந்த பிறகு சொன்னாய். "பாப்பாவுக்கு ஜொரம் வந்து வலிப்பு வந்துச்சே, டாக்டரு கைய விரிச்சிட்டாரு. மாதா கோயிலுக்கு ஓடுனேன். மொட்டை போடறேன், மெயுவத்தி ஏத்தறேன்னு எல்லாரும் குடுக்கறதக் குடுத்தா போதுமா? எனக்கு ரொம்பப் புடிச்சது இன்னான்னு யோசிச்சேன். சினிமாதான். உசுரு கீற வரைக்கும் படம் பாக்க மாட்டேன் தாயே, கொயந்தையக் குடுத்துடுன்னு பொருத்தனை வச்சேன். விடிஞ்சதும் பாப்பா கண்ணத் தொறந்து தண்ணி கேட்டுச்சு."

நான் டிரான்சிஸ்டரைப் பார்த்தேன். நீ அவசரமாகச் சொன்னாய்: "பாக்க மாட்டேன்னுதான் சொன்னேன் மச்சான். கேக்க மாட்டேன்னு சொல்லல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. ஒரு பூனை தள்ளிவிட்ட டம்ளர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதற்கு ஒரு மாடி கட்டி, படி வைத்து, அண்ணனை மேலே நிறுத்தி, தங்கையைக் கீழே நிறுத்தியிருக்கிறாய். வாரா வாரம் ஊரையே படத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஒரு படத்தையும் பார்த்திருக்கவில்லை. அதோடு விட்டாயா? என் கையைப் பிடித்து உன் தலையில் வைத்தாய். "ஊட்ல யாருக்கும் தெரியாது. வெளிய சொல்லிக்கினு திரிஞ்சா பொருத்தனைக்கு இன்னா மரியாதை? முக்கியமா பாப்பாவுக்குத் தெரியவே கூடாது. தன்னாலதான் அப்பன் ஆசைய வுட்டான்னு அதுக்குக் காலம் பூரா குத்தும்" என்றாய். நானும் சத்தியம் செய்தேன். செய்யாமல் என்ன செய்வது, அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நீ நின்றால்?

அதற்குப் பிறகு உன்னோடு சைக்கிளில் வருவதே எனக்குத் தலைவலி. ஸ்டேஷன் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தால் நீ தலையைக் குனிந்துகொள்வாய். "போஸ்டர் என்னடா பண்ணும்?" என்றால், "எதுக்கு வம்பு" என்பாய். ஒருநாள் அப்படிக் குனிந்தபடியே போய் எருமை மாட்டின் மேல் மோதினாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாட்டைத் திட்டினேனா, உன்னைத் திட்டினேனா, மாதாவைத் திட்டினேனா என்று எனக்கே தெரியாது.

பொறுக்க முடியாமல் ஒருநாள், ஆளைச் சொல்லாமல் பொதுவாக, உங்கள் பங்குச் சாமியாரிடமே கேட்டேன். பொருத்தனையை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதற்குப் பதில் ஏதாவது தர்மம் செய்யலாம், அவரை என்னிடம் வரச் சொல்லுங்கள் என்றார். குதித்துக்கொண்டு வந்து உன்னிடம் சொன்னேன். நீ என்னைக் கடித்துக் குதறிவிட்டாய். "உன்ன யாருடா போயி கேக்கச் சொன்னது? சாமியாரு மாத்திக் குடுப்பாரு. நான் போயி படம் பாத்துட்டு வந்து, மறுநாளு பாப்பாவுக்குத் தல வலிக்குதுன்னு வை. நான் எங்கடா போயி நிப்பேன்?" அந்தக் கேள்விதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

உன் வீட்டுக்கு டிவி வந்தது. மகளுக்காக நீயே வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் நீ முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி உட்கார்வாய். கையில் அயர்ன் பாக்ஸோ சைக்கிள் பெடலோ, ஏதாவது ஒன்று. வருகிறவர்கள் எல்லாம், "அவருக்கு இதெல்லாம் ஆகாது, ரொம்ப பக்திமான்" என்றார்கள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருக்கும். இந்த ஆவடியில் சினிமாவுக்காக உயிரை விடுகிறவன் ஒருவன் உண்டென்றால் அது இந்த முதுகுதான் என்று கத்த வேண்டும் போல இருக்கும்.

மகளைக் கட்டிக் கொடுத்தாய். "இனிமேலாவது வாடா, அவ நல்லா இருக்கா, ஒரே ஒரு படம்" என்று கெஞ்சினேன். முதல்முறையாக நீ யோசித்தாய். "சாமியாரப் பாக்கறேன் மச்சான். ஆனா அது வயித்துல கொயந்தையோட கீது. பொறக்கட்டும்" என்றாய். பேரன் பிறந்தான். "மொத பொறந்தநாளு முடியட்டும்" என்றாய். பிறந்தநாள் முடிந்து கேக்கின் மிச்சம் வீட்டில் இருக்கும்போதே, ஷிப்டுக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. ஏண்டா, அந்த ஒரு வருஷத்தில் ஒரு மேட்னி போயிருக்கக் கூடாதா? நான் என்ன உலகத்தையா கேட்டேன்? உன் பக்கத்து சீட்டைக் கேட்டேன்.

போன வாரம் உன் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். பேரன் டிவி முன்னால் நின்று சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டே, "இவன் யார மாதிரின்னே தெரியல மாமா. எங்கப்பாவுக்கு சினிமான்னாலே புடிக்காது" என்றாள். அவள் நிறுத்தவில்லை. "ஃப்ரெண்ட்ஸோட போறேன்னு கேட்டா காசு மட்டும் குடுத்துடுவாரு. வந்த உடனே போலீஸ்காரன் மாதிரி உக்கார வச்சுக் கேள்வி கேப்பாரு. என்ன சீன், யாரு எங்க நின்னா, அப்ப மூஞ்சி எப்பிடி இருந்திச்சு. நெஜமாவே படத்துக்குத்தான் போனேனான்னு சந்தேகம் மாமா அவருக்கு. எனக்கு அழுகையா வரும்."

இதைக் கேட்டுக்கொண்டும் நான் சும்மா இருக்க வேண்டுமா? உன் தலை மேல் செய்த சத்தியம். தலையே போன பிறகும் அது நிற்க வேண்டுமா? சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அப்போது அவள் பையனின் நெற்றியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு நாளாகச் சளியாம். தொட்ட கையை எடுக்கும்போது உன் முகம் அப்படியே அவள் முகத்தில் இருந்தது. என்னால் முடியவில்லை.

"சினிமா புடிக்காதுன்னு யாரும்மா சொன்னது? எந்தப் படத்துக்கு யாரோட போகணும்னு எங்க ஷாப்புக்கே சொன்னவன் உங்கப்பன்தான்" என்றேன்.

"அப்புறம் ஏன் மாமா டிவிக்கு முதுகக் காட்டி உக்காருவாரு?"

"திரும்பி உக்காந்தாதான் வசனம் நல்லா கேக்கும்னு சொல்லுவான்மா." அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

"அப்ப என்னக் கேள்வி கேட்டது?"

"சந்தேகம் இல்லம்மா. நீ சொன்ன படத்த அவன் ஆசையா கேட்டுக்கிட்டு இருந்தான்."

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "அப்பாவுக்குப் புடிச்ச படமா ஒண்ணு சொல்லுங்க மாமா" என்றாள். என் வாயில் வேறு எது வரும்? மாடிப்படியைச் சொன்னேன். நீ சொன்ன மாதிரியே, ஒவ்வொரு படியாக நிறுத்தி, டம்ளரை அவள் காலடி வரை உருட்டிவிட்டேன். அவள் கண் கலங்கக் கேட்டாள். கேபிள்காரன் என் தலையெழுத்துக்கு அதே படத்தை இன்றைக்குப் போடுகிறான்!

இதோ, போன் அடிக்கிறது.

பேசிவிட்டு வந்துவிட்டேன். நினைத்த மாதிரியே, "மாமா, அது ஓட்டு ஊடு. படியே இல்ல. டம்ளர பூனைதான் தள்ளுது" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, ஏமாந்த குரல். அந்தத் தியேட்டர் வரிசையில் நின்ற மாதிரி எனக்குக் காது சூடாகிவிட்டது. ரீலை வெட்டிவிட்டான் என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அது உன் பொய், எனக்கு எதற்கு?

உன் டிரான்சிஸ்டர் என் வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது. காரியம் முடிந்த அன்று அவளே என் கையில் கொடுத்தாள். தோல் உறையில் உன் காது பட்ட இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். போனைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் ஆசை, உன் பொருத்தனை, உன் மாடி, எல்லாவற்றையும் என் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாய். இறக்கி வைக்க இடம் கிடையாது.

"பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"கண்ணு கொட்டாமப் பாத்தேன் மாமா."

"அதான் வரல. மறுபடி போடுவான். அப்ப டிவிக்கு முதுகக் காட்டி உக்காந்து கேளு. வரும்."